நாற்பத்திரண்டில் ஒரு கதவு

திண்டுக்கல்லை விட்டுத் திருச்சிக்குக் குடிபோவது என்று முடிவான நாளிலிருந்து கிறிஸ்துராஜ் சாருக்கு ஒரே கவலைதான். வீட்டுச் சாமான் உடையாமல் போய்ச் சேருமா என்பது இல்லை. முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்த ஊரை விட்டுப் போகிற துக்கம் இருந்தது, ஆனால் அதைக்கூட அவர் இரண்டாவதாகத்தான் வைத்திருந்தார். தோமையார் தெருவுக்குத் தண்ணி வருகிற சேதியை இனிமேல் யார் சொல்லுவது? அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளங்கவைப்பது சிரமம். தோமையார் தெருவில் நல்ல தண்ணி எட்டு நாளுக்கு ஒருமுறை வரும். கோடையில் பத்தும் ஆகும், பன்னிரண்டும் ஆகும். வந்தால் இரண்டு மணி நேரம். போர் போட்டால் கிடைப்பது உப்புத் தண்ணி. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆகவே அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் ஆள் இருந்தாக வேண்டும், தவறவிட்டால் அடுத்த எட்டு நாளும் பக்கத்து வீட்டு வாசலில் குடத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, பழனி பாதயாத்திரை, வேளாங்கண்ணிப் பயணம் எல்லாமே அந்தத் தெருவில் எட்டாம் நாளைப் பார்த்துத்தான் முடிவாகும். பெண் பார்க்க வருகிறவர்களையே, "அன்னைக்குத் தண்ணி வர்ற நாளு, மறுநாள் வாங்க" என்று தள்ளிப்போட்ட வீடு ஒன்று உண்டு.

இந்த வேலை சாருடைய தலையில் விழுந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. அப்போது அவர் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கபடி எப்படி ஆடுவது என்று ஆடிக் காட்டப்போய்க் கால் முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். அந்தச் சமயத்தில் ஒரு நாள் தெருவே வேன் பிடித்துக் கொடைரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. அவருடைய மனைவி கிளாராவும் போயிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வந்துவிட்டது. திறந்து கிடந்த குழாய்களிலிருந்து தண்ணீர் சாக்கடைக்குள் விழுகிற சத்தத்தைக் கட்டிலில் படுத்தபடி இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் மனிதர். எழுந்து போய் ஒரு குழாயைக்கூட மூட முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்றுவரை ஆறவில்லை.

கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக, வால்வு திறக்கிற அழகரைத் தேடிப் பிடித்தார். "தண்ணி விடுறதுக்கு மொத நாள் எனக்கு ஒரு போன் போட்டுரு அழகரு. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று தன் வீட்டு நம்பரை எழுதிக் கொடுத்தார். அப்போது தெருவிலேயே அவர் வீட்டில்தான் போன் இருந்தது. அழகர் அன்றிலிருந்து போன் போட்டார். சார் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாற்பத்திரண்டு கதவையும் தட்டினார். மூன்று தட்டு. "நாளைக்குத் தண்ணி. காலைல ஆறு மணி." அவ்வளவுதான் பேச்சு.

சாதாரணமாகத் தட்டிவிட்டுப் போகிற வேலை இல்லை அது. எட்டாம் நம்பரில் நாய் இருக்கிறது, கேட்டைத் தொடாமல் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பத்தொன்பதில் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர் தூங்குவார், ஜன்னல் பக்கம் போய் அவர் மனைவியிடம் மெல்லச் சொல்ல வேண்டும். முப்பத்தொன்றில் மாமியாரிடம் சொன்னால் மருமகளுக்குப் போய்ச் சேராது, மருமகளிடம் சொன்னால் மாமியாருக்குக் கோபம் வரும், ஆகவே நடுவில் நின்று பொதுவாகச் சொல்ல வேண்டும். கடைசியில் இருக்கிற நாற்பத்திரண்டு வீடுகூட இல்லை, ஒரு காம்பவுண்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறை. வடக்கேயிருந்து மில் வேலைக்கு வந்த முகேஷ்குமாரும் அவன் மனைவியும் கைக்குழந்தையோடு ஆறு மாதமாக அங்கே இருந்தார்கள். சார் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போர்வை விற்கிற ஒருவரிடம் கேட்டு நாலு வார்த்தை படித்துக்கொண்டு வந்து, "பானி. கல் சுபஹ்", அதாவது தண்ணி, நாளைக்குக் காலை என்று சொல்லி, விரலால் மணியைக் காட்டிவிட்டு வருவார். அந்தப் பெண் தலையை ஆட்டிச் சிரிக்கும்.

ஆனால் இதற்கெல்லாம் சார் ஒரு விலை கொடுத்திருந்தார். மகள் வினோலியா கல்யாணமாகித் திருச்சிக்குப் போய் ஒன்பது வருஷமாகியும், சேர்ந்தாற்போல மூன்று நாள் அவள் வீட்டில் தங்கியதில்லை. பேரப்பிள்ளை ஞானஸ்நானத்துக்குப் போனவர் கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே பஸ் ஏறிவிட்டார். "எங்கப்பாவுக்குக் கலெக்டருக்கு மேல வேலை" என்று வினோலியா மாமியார் வீட்டில் சொல்லிச் சமாளித்தாள். இப்போது அவள் வீட்டு மாடி காலியாகியிருந்தது, கிளாராவுக்கு முட்டி வலி, இருக்கிறதோ வாடகை வீடு. "இந்தத் தடவை நீங்க வரலைன்னா நானே வந்து லாரில ஏத்திருவேன்" என்று மகள் போனில் சொன்ன பிறகுதான் சார் இறங்கிவந்தார். அதுவும் ஒரு நிபந்தனையோடு. தன் வேலையை ஏற்றுக்கொள்ள ஒரு ஆள் கிடைக்க வேண்டும்.

"ஆளு கெடைக்கும். நீங்க மூட்டையைக் கட்டுங்க" என்றார் கிளாரா.

இரண்டு மாதமாக ஆள் தேடினார். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. "பாத்துக்கலாம் சார். நீங்க நிம்மதியாப் போங்க." எதிர்வீட்டுக் கமர்ஜஹான், ரமலான் மாதம் முழுக்க அவர் வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர், எதையும் பொறுப்பாகச் செய்கிற பெண்பிள்ளை, அவரும் அதையேதான் சொன்னார். "அதெல்லாம் ஆகும் சார். அல்லா இருக்கான்." பதினேழாம் நம்பர் பானுப்ரியாவிடம் சார் கேட்கவே இல்லை. அவள் வீட்டிலிருந்தபடி போனிலேயே சேலை வியாபாரம் செய்கிறவள். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறவளுக்கு இந்த உலக ஞாபகம் எங்கே இருக்கப்போகிறது என்பது சாருடைய கணிப்பு.

"பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னா யாருதான் பாக்குறது?" என்று வீட்டுக்கு வந்து எரிந்துவிழுந்தார். "அம்புட்டுப் பேருக்கும் அலட்சியம். நான் போயி எட்டாம் நாளு தெரியும் சேதி."

கிளாரா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

ஊரை விட்டுப் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. மறுநாள் புதன்கிழமை தண்ணி முறை. அழகர் போன் சாயங்காலம்தான் வரும், ஆகவே செவ்வாய்க்கிழமை காலை தனக்கு ஓய்வு என்று கணக்குப் போட்ட சார், போகிறதுக்கு முன்னால் ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். பேண்ட்டெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால் வேட்டி கட்டிக்கொண்டார். அவருடைய பட்டன் போன் முந்தின நாள் பேண்ட் பையிலேயே, பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

ஏழு மணிக்குச் சூசையப்பர் கோயிலில் முழங்கால் போட்டார். பூ மார்க்கெட்டில் காரணமே இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றினார். மல்லிகையும் சம்பங்கியும் குவிந்துகிடந்த சாக்குகளுக்கு நடுவே, கல்யாணமான புதிதில் கிளாராவுக்கு இங்கே பூ வாங்கிய இடம் எது என்று தேடிப் பார்த்தார். அந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. பிறகு மலைக்கோட்டைக்குப் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறினார். சர்க்கரை உடம்பு. மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து மேலே போய்ச் சேர்ந்தபோது வேட்டியெல்லாம் வேர்வை.

மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்கக் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகளாகத் தெரிந்தது. அதற்கப்பால் தென்னந்தோப்புகள், வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த நிலம், சிறுமலை. ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபத்தெட்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியும் கழுத்தில் விசிலுமாக இந்த ஊருக்கு வந்து இறங்கியது ஞாபகம் வந்தது. வினோலியா பிறந்த ஆஸ்பத்திரி அதோ. அவர் ஓடவிட்டுத் துரத்திய பிள்ளைகளின் மைதானம் அதோ, அதில் பாதியில் இப்போது கட்டடம். பக்கத்தில் செல்பி எடுத்துக்கொண்டிருந்த ஜோடி பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துடைத்து முடித்ததும் ஒரு விஷயம் உறைத்தது. முப்பத்தைந்து வருஷத்தில் இந்த மலைக்கு அவர் ஏறியது இன்றையதோடு சேர்த்து மூன்றே தடவை. அதில் இரண்டு, பள்ளிப் பிள்ளைகளைத் தலை எண்ணிக்கொண்டே ஏறியது. ஊரை நினைத்து அழ உட்கார்ந்தவருக்கு, ஊரில் நிம்மதியாகச் சுற்றிய ஒரு நாளை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. எந்த ஞாபகத்தை எடுத்தாலும் அதில் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

கீழே ஒரு கடையில் கரும்புச்சாறு வேண்டாம், எனக்குச் சர்க்கரை இருக்கு, டீ போடு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது டி.வி.எஸ்.ஸில் அழகர் வந்து நின்றார். இருபத்துநாலு வருஷத்தில் அவருக்கும் தலை நரைத்துவிட்டது.

"சார், இங்க என்ன பண்றீங்க? மூணு தடவை போன் போட்டேன், எடுக்கவே இல்லியே. நாளைக்கு அந்தப் பக்கம் குழாய் வேலை இருக்குன்னு உங்க தெருவுக்கு இன்னைக்கே விட்டாச்சு."

"எப்ப?"

"ஒம்பது மணிக்கு."

சார் கையைப் பார்த்தார். மணி பத்தே கால். சொன்ன டீ மறந்தே போனது. வழியில் போன ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினார் என்பதைவிட, முன்னால் போய் விழுந்தார் என்று சொன்னால் சரியாக இருக்கும். தோமையார் தெரு போய்ச் சேருகிறவரை அவர் காதில் அந்தப் பழைய சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. திறந்து கிடக்கிற குழாய், சாக்கடையில் விழுகிற தண்ணீர். நாற்பத்திரண்டு வீடு. போகிற நேரத்தில் பேரைக் கெடுத்துக்கொண்டோமே, மலை ஏறப் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தெருமுனையில் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

தெரு ஈரமாக இருந்தது. வாசலுக்கு வாசல் டிரம்மும் அண்டாவும் குடமும் நிறைந்து நின்றன. எட்டாம் நம்பரில் ஓஸ் பைப்பைப் பிடித்து பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், நாய் அதில் நனைந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்றில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்டாவை உள்ளே தூக்கினார்கள். யார் முகத்திலும் பதற்றம் இல்லை. பதறிக்கொண்டு நின்றவர் சார் ஒருவர்தான்.

எதிர்வீட்டு வாசலில் கமர்ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "என்ன சார், இப்படி வேர்த்து ஊத்துது? உக்காருங்க, தண்ணி தாரேன்."

"தண்ணி வர்றது உங்களுக்கு யாரு சொன்னா?"

கமர்ஜஹானுக்குப் பொய் சொல்ல வராது. அவர் கண் பதினேழாம் நம்பர் பக்கம் போய்விட்டு வந்தது. அந்தக் கண்ணைத் தொடர்ந்து சாரும் பார்த்தார். பானுப்ரியா நனைந்த நைட்டியும் தோளில் துண்டுமாக வாசலில் நின்றிருந்தாள். ஓடி ஒளிய இடமில்லை என்று தெரிந்ததும் இறங்கி வந்தாள்.

"நான்தான் சார். குரூப்ல போட்டேன்."

"என்ன குரூப்பு?"

"வாட்ஸப்புல சார். நம்ம தெருத் தண்ணிக் குரூப்பு. அழகர் அண்ணன் எனக்கும் போன் போடுவாரு. மொதல்ல எனக்கு. உடனே அடுத்து உங்களுக்கு."

"எத்தன நாளா?"

பானுப்ரியா கமர்ஜஹானைப் பார்த்தாள். "மூணு வருசம் இருக்கும் சார்."

மூன்று வருஷமாக அவர் தட்டிய ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் சேதி ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்து, "அப்படியா சார், சரி சார்" என்று ஒவ்வொருவரும் தலையாட்டியது எல்லாம் அவர் கண் முன்னால் வரிசையாக வந்தது. சாருக்குக் காது மடல் சூடானது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். கிளாரா அடுப்படியில் கடைசிக் குடத்துக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். ஊரை விட்டுப் போகிற வீட்டில் இரண்டு நீல டிரம்மும் விளிம்புவரை நிறைந்திருந்தன.

"நீயும் இருக்கியா அதுல?"

கிளாரா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நானும் பானுவுந்தான் அட்மின்."

"மூணு வருசமா என்னையப் பைத்தியக்காரன் ஆக்கிட்டீங்க."

"ஆமா. டாக்டரு தெனமும் நடக்கச் சொன்னாரு. சும்மா நடங்கன்னா நீங்க நடப்பீங்களா? ரிட்டயர்டு ஆன புதுசுல ரெண்டு மாசம் நாற்காலிய விட்டு எந்திரிச்சீங்களா? சட்டையைப் போட்டுக்கிட்டு எந்திரிச்சதெல்லாம் அந்த ஒரு வேலைக்குத்தான். குரூப்பு ஆரம்பிச்சப்ப நான்தான் சொன்னேன், சாருகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு. அப்புறம் எப்ப சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல." குரல் கொஞ்சம் இறங்கியது. "தப்புன்னா திட்டிக்கங்க."

சார் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அவமானம் வருவதற்காகக் காத்திருந்தார். வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது, அதுதான் பெரியதாக இருந்தது. ஆள் தேட வேண்டாம். எட்டாம் நாளை எண்ண வேண்டாம். நான் இல்லாவிட்டால் இந்தத் தெரு என்ன ஆகும் என்று இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கேள்விக்கு, ஒன்றும் ஆகாது என்று தெருவே ஈரமாகப் பதில் சொல்லிவிட்டது. கால் முறிந்து கட்டுப் பிரித்த அன்றைக்கு இருந்த மாதிரி உடம்பு லேசாக இருந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு என்று நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

சிரிக்க வாயைத் திறந்தவர் சட்டென்று எழுந்தார்.

"கிளாரா, அந்த வடக்கத்திப் புள்ள உங்க குரூப்புல இருக்கா?"

"எந்தப் புள்ள?"

"நாப்பத்திரண்டு."

கிளாரா முகம் மாறியது. அவர்களைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குரூப் எதற்கு என்றுகூட யாரும் நினைத்து ஒதுக்கவில்லை, ஞாபகமே வரவில்லை, அவ்வளவுதான். சார் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். "பானு, நாப்பத்திரண்டு" என்று போகிற போக்கில் சத்தம் கொடுத்தார். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிப் பிள்ளையைக் கூப்பிட்ட குரல் அது. தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காம்பவுண்டுக்குப் பின்னால் தகரக் கதவு சாத்தியிருந்தது. முகேஷ்குமார் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கியிருப்பான். வெளியே குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. சார் மூன்று தட்டுத் தட்டினார். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தது.

"பானி" என்றார் சார். இப்போதே என்று சொல்ல வார்த்தை தெரியவில்லை. குழாயையே காட்டினார்.

அது ஒரு நொடியில் புரிந்துகொண்டது. குழந்தையைச் சாரின் கையில் திணித்துவிட்டுக் குடத்தை எடுத்து ஓடியது. குழாயில் தண்ணீர் ஏற்கெனவே நூலாகிவிட்டது. ஒன்றரைக் குடம் நிறைந்ததும் இருமிக்கொண்டு நின்றுபோனது. எட்டு நாளைக்கு, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு, ஒன்றரைக் குடம். அந்தப் பெண் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. முகேஷ்குமார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பின்னால் நின்றான்.

பானுப்ரியா மூச்சு வாங்க ஓடிவந்தாள். கமர்ஜஹானும் பின்னாலேயே வந்தார். பாதிக் குடத்தையும் குழந்தையோடு நிற்கிற சாரையும் பார்த்ததும் பானுப்ரியாவின் கண் நிறைந்துவிட்டது.

"நான் மறந்துட்டேன் சார். அம்புட்டுப் பேருக்கும் அனுப்பினேன். இவங்க..."

"அழுது என்ன ஆகப்போகுது. எங்க வீட்ல ரெண்டு டிரம்மு நெறஞ்சு நிக்குது. ஊருக்குப் போறவனுக்கு எதுக்கு? அடுப்படிக் குடமே போதும். தூக்கச் சொல்லு."

நிறைந்த டிரம்மை யாரும் தூக்க முடியாது. ஆகவே குடம் குடமாக மொண்டு கொண்டுவந்தார்கள். முகேஷ்குமார் தலைக்கு ஒன்று தோளுக்கு ஒன்று என்று தூக்கினான். முப்பத்தொன்றாம் நம்பர் மருமகள் கேட்காமலே இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாள், மாமியார் அதைப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்று கொண்டுவந்தார். காலியான டிரம் இரண்டையும் உருட்டிக்கொண்டுபோய்த் தகர அறை வாசலில் வைத்து, மறுபடியும் அதிலேயே ஊற்றினார்கள். இத்தனைக்கும் சார் குழந்தையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்று, "அந்தக் குடத்துல மூடி இல்ல பாரு, சிந்தாமப் போ" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் சட்டை பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும் பானுப்ரியா அவரிடம் வந்தாள். "இவங்க வீட்டை நான் தட்டுறேன் சார். குரூப்புல போட்டுட்டு நேரா இங்க வந்து தட்டிட்டுத்தான் அடுத்த வேலை."

"மறந்துற மாட்டியே?"

"மாட்டேன் சார்."

சார் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். போனும் கையுமாக இருக்கிற பெண் என்று தான் நினைத்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "மூணு தட்டு. பலமாத் தட்டு, தகரக் கதவு" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதமாக நாற்பத்திரண்டு கதவுக்கு ஆள் தேடியவருக்கு, தேவைப்பட்டது ஒரே ஒரு கதவுக்குத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மினி லாரியில் சாமான் ஏறியது. தெருவே வந்து நின்றது. எல்லோரும் அழுதார்கள், கமர்ஜஹான் கிளாராவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. சாரும் அழுதார். ஆனால் மலை மேல் உட்கார்ந்து அழுததுபோல இல்லை இது. இது நன்றாக இருந்தது, சாப்பிட்ட பிறகு கை கழுவுவது மாதிரி. முகேஷ்குமார் கடைசிக் கட்டிலை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, சார் காலைத் தொட்டுக் கும்பிட்டான். வாடகைக் கார் லாரிக்குப் பின்னால் நகர்ந்தது.

மலைக்கோட்டை கண்ணை விட்டு மறைந்ததும் சார் கையை நீட்டினார். "அந்தப் போனைக் குடு."

கிளாரா எடுத்துக் கொடுத்தார். குரூப்பைத் திறந்து மூன்று வருஷத்தையும் மேலே தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே வந்தார் சார். ஒவ்வொரு எட்டாம் நாளும் பானுப்ரியாவின் சேதி இருந்தது. அதற்குக் கீழே கிளாராவின் பெயரில், "சார் சட்டை போடுறாரு". அப்புறம், "கிளம்பிட்டாரு. வாசல்ல டிரம்ம வச்சவங்க உள்ள எடுத்துருங்க". அப்புறம் எட்டாம் நம்பர்க்காரர், "எங்க வீட்டைத் தாண்டிட்டாரு". ஒரு மழை நாளில் கமர்ஜஹான் போட்டிருந்தார்: "சார் நனையிறார். சீக்கிரம் கதவைத் திறங்க, நிக்க வைக்காதீங்க". இன்னொரு நாள் யாரோ, "போன்லயே தெரியுதே, எதுக்கு இந்த நாடகம்" என்று கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே பத்துப் பேர் திட்டியிருந்தார்கள், முதல் ஆளாக முப்பத்தொன்றாம் நம்பர் மாமியார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். வையம்பட்டி தாண்டுகிறவரை போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மணப்பாறை வந்ததும் டிரைவரிடம் ஒரு டீக்கடையாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். கிளாராவுக்கு ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் எந்தப் பயணத்திலும் நடுவழியில் இறங்கி டீ குடித்த மனிதர் இல்லை அவர். இறங்கி, பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, முறுக்கு ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். லாரி முன்னால் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

அப்போது அவருடைய பட்டன் போன் அடித்தது. அழகர்.

"சார், நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு விடுறேன்."

சார் பாதி எழுந்துவிட்டார். கை தானாகச் சட்டைப் பட்டனைச் சரிசெய்தது. எழுந்த பிறகுதான் மணப்பாறையில் நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் அழகருக்கும் அதே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"அய்யோ சார், நீங்க இன்னைக்குப் போறீங்கள்ல. கை பழக்கத்துல போட்டுட்டேன்."

"பரவால்ல அழகரு. சரி" என்றார் சார்.

போனை மூடுவதற்குள் பெஞ்சின் மேலிருந்த கிளாராவின் போன் ஒரு முறை அதிர்ந்தது. நாளைக்குத் தண்ணி, காலை ஆறு மணி. சார் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாராவும் எட்டிப் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் கழித்து இன்னொரு தடவை அதிர்ந்தது.

"42 தட்டியாச்சு. அந்த அக்கா தலையாட்டிருச்சு."

கிறிஸ்துராஜ் சார் உட்கார்ந்தார். "தம்பி, இது ஆறிப்போச்சு. இன்னொரு டீ போடுங்க" என்றார் கடைக்காரரிடம். "மெதுவாப் போடுங்க. அவசரம் ஒண்ணுமில்ல."